மகளுக்கு சாஃப்ட்பால் மட்டை வாங்கப் போகிறீர்களா? தப்பாக வாங்கியவள் சொல்கிறேன்

மார்ச் பிறந்தால் போதும், எங்கள் நியூ ஜெர்சி அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "பொண்ணை சாஃப்ட்பால்ல சேர்த்திருக்கோம், என்னென்ன வாங்கணும்?" குரல் செய்தி அனுப்பி அனுப்பித் தொண்டை வற்றிவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். 8 முதல் 12 வயது வரை, ஊர் லீகில் ஃபாஸ்ட்பிட்ச் (பேஸ்பால் மாதிரி, ஆனால் கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்தை வேகமாக வீசும் சாஃப்ட்பால்) ஆடும் பிள்ளைகளுக்கு மட்டும். டிராவல் டீம் (ஊர் ஊராகப் போய்ப் போட்டி ஆடும் அணி) பெற்றோர் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், நீங்கள் எனக்கே பாடம் எடுப்பீர்கள்.

படி 1: கடைக்குப் போகாதீர்கள்

முதலில் லீக் அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். மகள் எந்தப் பிரிவு, எந்த அமைப்பின் அங்கீகார முத்திரை உள்ள மட்டைக்கு அனுமதி, ஹெல்மெட்டை அவர்களே தருவார்களா என்று பாருங்கள். பந்தும் பிரிவுக்குப் பிரிவு மாறும். 10யூ-வில் (10 வயதும் அதற்குக் கீழும்) சுற்றளவு 11 அங்குலம், 12யூ-வில் 12 அங்குலம்.

படி 2: மட்டை

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான்.

சாஃப்ட்பால் பந்து பேஸ்பாலைவிடப் பெரிது. பெரிய பந்துக்குத் தடித்த மட்டை என்று கணக்குப் போட்டு, கடையில் நல்ல புஷ்டியான ஒன்றை எடுத்தேன். அதில் 'யூ.எஸ்.ஏ' என்று முத்திரை வேறு. லீக் கேட்டதும் அதுதானே என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். முதல் ஆட்டத்தன்று அம்பயர் எல்லா மட்டைகளையும் ஒரு வளையத்துக்குள் நுழைத்துப் பார்த்தார். எங்களுடையது மட்டும் நுழையவில்லை. மகள் அன்று இரவல் மட்டையில் ஆடினாள். வீடு வரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் வாங்கியது பேஸ்பால் மட்டை. அதன் தடித்த பகுதி, அதாவது பேரல், 2⅝ அங்குல விட்டம் வரை போகலாம். சாஃப்ட்பாலில் 2¼ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பந்து பெரிசு, மட்டை ஒல்லி. முத்திரையிலும் ஒரு குழப்பம் உண்டு: 'யூ.எஸ்.ஏ பேஸ்பால்' வேறு, 'யூ.எஸ்.ஏ சாஃப்ட்பால்' வேறு. இரண்டாவது அமைப்பு 2017-க்கு முன் ஏ.எஸ்.ஏ என்ற பெயரில் இருந்தது, அதனால் பழைய மட்டைகளில் அந்த எழுத்துகளைப் பார்க்கலாம். 'யூ.எஸ்.எஸ்.எஸ்.ஏ' இன்னொரு அமைப்பு. அவசரத்தில் மூன்றும் ஒன்றுபோலவே கண்ணுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படியுங்கள், கூடவே 'ஃபாஸ்ட்பிட்ச்' என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து எடை. மட்டையில் மைனஸ் 10, மைனஸ் 12 என்று போட்டிருப்பார்கள். இதற்கு டிராப் என்று பெயர். 30 அங்குல நீளமும் 20 அவுன்ஸ் எடையும் உள்ள மட்டை மைனஸ் 10. அதே நீளத்தில் 18 அவுன்ஸ் என்றால் மைனஸ் 12. எண் ஏற ஏற மட்டை லேசாகும்.

என் வீட்டுக்காரர் கிரிக்கெட் பைத்தியம். "சச்சின் எவ்ளோ வெயிட்டான பேட்ல ஆடினார் தெரியுமா?" என்று மைனஸ் 10-ஐத் தூக்கிக்கொண்டு நின்றார். கிரிக்கெட் பிட்சின் நீளம் 66 அடி. 10யூ-வில் பந்து வீசும் பிள்ளை நிற்பது 35 அடியில். கனமான மட்டையை அவள் தூக்கி முடிப்பதற்குள் பந்து கேட்சர் கையில் இருக்கும். ஊர் லீகில் ஆடத் தொடங்கும் பிள்ளைக்கு மைனஸ் 11 அல்லது அதைவிட லேசானதாகப் பாருங்கள்.

கடையிலேயே சோதிக்கலாம். மட்டையைத் தரையில் ஊன்றி அவள் காலோடு ஒட்டி நிறுத்தினால், தொங்கவிட்ட கையின் உள்ளங்கையைக் கைப்பிடி முனை தொட வேண்டும். பிறகு ஒரே கையால் பிடித்து, பக்கவாட்டில் நீட்டி, முப்பது எண்ணச் சொல்லுங்கள். கை தாழ்ந்தால் அந்த மட்டை வேண்டாம். "வளர்ற பொண்ணு" என்று ஒரு சைஸ் கூட்டி வாங்காதீர்கள். உள்ளே டக் வைத்துத் தைத்து வருடா வருடம் பிரித்துவிட இது பட்டுப்பாவாடை இல்லை.

அலுமினியமா காம்போசிட்டா (கார்பன் இழை போன்றவற்றால் செய்தது) என்று கேட்டால், முதல் இரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு அலுமினியம். காம்போசிட் முந்நூறு, நானூறு டாலர் கேட்கும். புது கிரிக்கெட் மட்டையைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழக்குவார்களே, அதுபோல இதையும் நூற்றைம்பது, இருநூறு அடி அடித்து, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பி, பழக்க வேண்டும். குளிர் வேறு ஆகாது. எங்கள் ஊர் ஏப்ரல் மாலையில் அதை வெளியே எடுத்தால் விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

படி 3: கிளவுஸ்

11 முதல் 12 அங்குலத்துக்குள், தோலில், ஃபாஸ்ட்பிட்ச் என்றே போட்டதாக வாங்குங்கள். பிள்ளைகளின் சின்ன பேஸ்பால் கிளவுஸில் இந்தப் பந்து உட்காராது, துள்ளி வெளியே வந்துவிடும். எங்களுக்கு மிசூனோ ஒத்துவந்தது. பிளாஸ்டிக் போன்ற மலிவு ரகத்தைவிட யாரோ ஆடிப் பழகிய தோல் கிளவுஸ் எவ்வளவோ மேல். புதிது என்றால் தினமும் பத்து நிமிடம் பந்து பிடிப்பதுதான் வழி, ராத்திரி உள்ளே பந்தை வைத்துக் கட்டியும் வைக்கலாம். அடுப்பு, மைக்ரோவேவ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கிரிக்கெட் மட்டைக்குத் தடவும் லின்சீட் ஆயிலும் கூடாது, அது மரத்துக்கானது. (வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்தேவிட்டார். பிடுங்கி வைத்தேன்.)

படி 4: மற்றவை

ஹெல்மெட்டில் முகக் கம்பி வேண்டும், என்.ஓ.சி.எஸ்.ஏ.இ என்ற பாதுகாப்புத் தர முத்திரை வேண்டும். ஆட்டத்தன்று எப்படித் தலை பின்னுவீர்களோ அப்படியே பின்னிக் கூட்டிப் போய் அளவு பாருங்கள். தலையை விரித்துப்போட்டுப் பார்த்து வாங்கினால் சடை போட்டதும் ஏறாது. காலணியில் ரப்பர் முள் போதும், இந்த வயதில் உலோக முள்ளுக்கு அனுமதி இல்லை. பந்து வீசுகிறாள், அல்லது இன்ஃபீல்டில் (மட்டையடிப்பவருக்குக் கிட்டத்தில்) நிற்கிறாள் என்றால், பந்து முகத்தில் படாமல் காக்கும் முகக் கவசம் வாங்கிவிடுங்கள். லீக் கட்டாயப்படுத்தாவிட்டாலும் வாங்குங்கள்.

பின்சேர்க்கை 1: பின்னூட்டத்தில் இரண்டு பேர் ஒரே தவறைச் சொல்லியிருக்கிறார்கள். இணையக் கடையில் 'ரைட் ஹேண்ட் த்ரோ' என்றால் வலது கையால் எறிபவருக்கானது என்று பொருள், கிளவுஸ் இடது கையில்தான் ஏறும். மகள் இடதுகைக்காரி என்றால் 'லெஃப்ட் ஹேண்ட் த்ரோ' என்று தேடுங்கள்.

பின்சேர்க்கை 2: பக்கத்து வீட்டில் தந்த பழைய மட்டை சரிவருமா என்று ஒருவர் படம் அனுப்பினார். 34 அங்குலம், 27 அவுன்ஸ். அது பெரியவர்கள் ஆடும் ஸ்லோபிட்ச் (பந்தை மெதுவாக வீசும் சாஃப்ட்பால்) மட்டை. பேரல் அதே 2¼ என்பதால் வளையத்துக்குள்கூட நுழைந்துவிடும், ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையால் அதைச் சுழற்ற முடியாது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: காம்போசிட்தான் வாங்கினேன் என்பவர்களுக்கு: பேட்டிங் கேஜ் (வலைக் கூண்டுக்குள் அடித்துப் பழகும் இடம்) இயந்திரத்தில் குழி குழியாக, கெட்டியாக வரும் பந்துகள் அதைச் சீக்கிரம் உடைத்துவிடும். கேஜுக்கு ஒரு அலுமினிய மட்டையையே எடுத்துப் போங்கள்.