கட்டைவிரலை எண்ணி வீடு பிடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். வாட்ஸ்அப்பில் கவிதைக் குழு நடத்துகிறவர். வருகிற ஆடியில் எல்லாரையும் குற்றாலத்துக்கு வரவழைத்து, மூன்று நாள் தங்கி எழுதப் போகிறார்களாம். "முப்பத்தெட்டு பேர் வர்றேன்னுட்டாங்க அண்ணாச்சி, வீடு பேசிரலாமா?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் ஆடிய அதே கூத்து.

குடை, கொசுவத்தி எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுங்கள். இப்படி ஆள் கூட்டும்போது செய்யக் கூடாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

'வர்றேன்' என்பதை நம்பி முன்பணம் கட்டுவது

எங்களுடையது படம் வரைகிறவர்களின் குழு. முதல் முகாமுக்கு வாக்கெடுப்பு வைத்தேன். 41 பேர் 'வருகிறேன்' என்று கட்டைவிரல் குறியை அமுக்கினார்கள். சாரல் காலத்தில் குற்றாலத்தில் முன்பணம் இல்லாமல் வீடு கிடைக்காது. என் கைக்காசைக் கட்டினேன். கிளம்புகிற வாரம் ஒருவர், "லீவு கிடைக்கல, மன்னிக்கணும்" என்று குழுவிலேயே போட்டார். அவ்வளவுதான், வரிசையாகக் கழன்றுகொண்டார்கள். முதல் ஆள் சொல்லிவிட்டால் அடுத்தவருக்குக் கூச்சம் போய்விடும் போல.

வந்து இறங்கியது 11 பேர். சமையல்காரர் நாற்பது பேருக்குச் சொதி வைத்து, இஞ்சித் துவையலும் அரைத்திருந்தார். "மத்த ஆளுவ எப்பம் வருவாவ?" என்று மூன்று முறை கேட்டார். தேங்காய்ப்பால் சமாச்சாரம், மறுநாளைக்குத் தாங்காது. தூக்குவாளியில் ஊற்றி அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கட்டிய பணத்தைக்கூட மறந்துவிட்டேன். அந்தச் சொதியை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

வராதவர்கள் பொய் சொல்லவில்லை. அமுக்கும்போது ஆசைதான், ஆனால் செலவில்லாத ஆசை. அதனால் இப்போது 500 ரூபாய் வந்தால்தான் பெயர் எழுதுகிறேன். தேதியை 75 நாளுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. சென்னைக்காரர்களுக்குத் தென்காசி வரை பொதிகை ரயில் இருக்கிறது. முன்பதிவு திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கு ஆளாளுக்கு நினைவூட்டுவேன். டிக்கெட் எடுத்தவர் லேசில் பின்வாங்குவதில்லை. அப்படியே வர முடியாமல் போனால் என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டும், குழுவில் அல்ல. இந்த ஒரு விதியில் நான் கறார்.

பொதுவில் மட்டும் அழைப்பது

"எல்லாரும் வாங்க" என்றால் யாரையுமே கூப்பிடாத மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். பெண்களுக்கு வீட்டில் கேள்வி வரும்: யார் யார் வருகிறார்கள், எங்கே தங்கல், ராத்திரிப் பயணமா? எங்கள் குழுவில் ஒரு அக்கா, ஒரு பெண்ணின் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினார். அந்தப் பெண் வந்தாள், இரண்டு தோழிகளையும் கூட்டிக்கொண்டு.

'ஜாலியா இருக்கும்' என்று மட்டும் சொல்வது

போதாது. "முதல் நாள் காலை குற்றாலநாதர் கோயிலின் சித்திர சபைத் தெப்பக்குளத்தங்கரையில் உட்கார்ந்து வரைகிறோம், அப்புறம் உள்ளே போய்ச் சுவரோவியங்களைப் பார்க்கிறோம்" என்று சொன்னபோதுதான் ஆட்கள் லீவு எழுதிக் கொடுத்தார்கள். ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலி வீட்டில் நடத்திய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்துக்கு ஆட்கள் சும்மா பொழுதுபோக்கவா போனார்கள்? கம்பனின் பாட்டை அவர் வாயால் கேட்கப் போனார்கள்.

சீசனில் சனி, ஞாயிறு

அருவிக்கரையில் கால் வைக்க இடமிருக்காது. வார நாளில் வையுங்கள். தண்ணீர் அதிகமானால் குளிக்கத் தடை போடுவார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆடி அமாவாசையன்று பாபநாசம்

அன்று அங்கே சொரிமுத்து அய்யனார் கோயில் திருவிழாக் கூட்டம். வேண்டவே வேண்டாம்.

மணிக்கு மணி நிகழ்ச்சி நிரல் போடுவது

கிழித்துப் போடுங்கள்.

தம்பி நேற்று இரவு திரும்பவும் கூப்பிட்டார். 500 ரூபாய் கேட்டுப் பார்த்தாராம், ஒன்பது பேர் அனுப்பியிருக்கிறார்கள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஒன்பது பேருக்குத் தோதான வீடு ஐந்தருவிப் பக்கம் கிடைக்குமா என்று கேட்டார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.