புட்டிப்பால் கலக்கும்போது கை தவறும் இடங்கள்

தாய்ப்பால் போதாமல் டாக்டர் பால் பவுடர் எழுதிக்கொடுத்த வீடுகளில், தப்பு பெரும்பாலும் பவுடரில் இருப்பதில்லை, கலக்கும் கையில்தான். பென்னாகரத்தில் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது, அவள் மாமியார் கரண்டியைக் கோபுரமாகக் குவித்து அள்ளுவதைப் பார்த்தேன். "தூக்கலாப் போட்டாத்தான் பிள்ளை கொழுகொழுன்னு வரும்." வருவது மலச்சிக்கல்தான். உடம்பில் நீர் வறண்டு சிறுநீரகத்துக்கும் சுமை கூடும். டப்பா விற்கிற விலையில் நாலு நாள் கூட வரட்டும் என்று நீர்க்கக் கலப்பதும் ஆபத்து. வயிறு நிறையும், எடை ஏறாது. சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம்.

கரண்டியில் அமுக்காமல் அள்ளி, சுத்தமான கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பவுடர் பெரும்பாலும் 30 மி.லி.க்கு ஒரு கரண்டி. வெளிநாட்டு டப்பாவில் கணக்கு மாறலாம். அதனால் ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொன்றில் போடவே கூடாது.

முதலில் தண்ணீர், அப்புறம்தான் பவுடர். பாட்டிலை மேடையில் வைத்து, குனிந்து கோட்டைப் பாருங்கள். 120 மி.லி. தண்ணீரில் 4 கரண்டி போட்டால் அளவு 130ஐத் தாண்டும், அது சரிதான். பவுடரைப் போட்டுவிட்டு 120 வரை தண்ணீர் ஊற்றினால் பால் கெட்டியாகிவிடும்.

பவுடர் கிருமி நீக்கப்பட்டது அல்ல. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்து அரை மணி நேரத்துக்குள் கலந்து, பாட்டிலைக் குழாயடியில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய தப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம்; அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். "நல்லாக் கொதிக்க வெச்சிட்டோமே" என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்கோ முழுப் பாலும் அந்தத் தண்ணீர்தான். ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் அதையே பிடித்து வைத்துக் கொதிக்க வையுங்கள். போர் தண்ணீர்தான் கதி என்றால் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டினால் பிள்ளைக்கு வேறு தண்ணீர்தான். நன்றாக வேலை செய்யும் ஆர்ஓ மிஷின் ஃபுளோரைடைக் குறைக்கும். அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தே கலக்க வேண்டும்.

பெங்களூர் பஸ் ஏறும்போது கலந்த பாலை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போகாதீர்கள். அந்த வெதுவெதுப்பில் கிருமி பெருகும். கொதித்த தண்ணீர் ஃபிளாஸ்க்கில், அளந்த பவுடர் உலர்ந்த டப்பியில். பசிக்கும்போது கலந்தால் போதும். கலந்த பால் 2 மணி நேரத்துக்குள் தீர வேண்டும். பிள்ளை வாய் வைத்து மிச்சம் விட்டதை மறுபடி சூடாக்கிக் கொடுக்கக் கூடாது. அதைக் கீழே ஊற்ற தங்கையின் மாமியாருக்கு மனசு வரவில்லை. தன் காபிக்கு எடுத்துக்கொண்டார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.