எல்லாக் கல்யாணமும் ஒரே மாதிரி தெரிகிறதா? போட்டோகிராஃபர்கள் ஆடி மாதத்தில் செய்ய வேண்டியவை

வைகாசியும் ஆனியும் முடிந்து ஆடி பிறந்ததும் எங்கள் தொழிலில் போன் அடங்கிவிடும். பாக்கி ஆல்பம் டிசைன், ஹார்ட் டிஸ்க் நிறைய படங்கள், கொஞ்சம் ஓய்வு. கல்யாண போட்டோகிராஃபர் பலருக்கும் ஒரு சந்தேகம் வருவது இந்த நேரத்தில்தான். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஒரு கல்யாணத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. அதே மணவரை, அதே சிரிப்பு, அதே மங்கலான பின்னணி. "இதை யார் வேண்டுமானாலும் எடுப்பார்களே, நான் எதற்கு?" என்று மனசு கேட்க ஆரம்பிக்கும்.

நான் மதுரை திருநகரில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் வீடியோ, நான் போட்டோ. இந்தச் சந்தேகம் எனக்கு வந்து போயிருக்கிறது, இனியும் வரும். யாராவது தைரியம் சொன்னதால் அது போனதில்லை. உட்கார்ந்து சில வேலைகளைச் செய்தபோதுதான் போனது. அந்த வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூக்கம்

மாலை ஆறு மணிக்கு ரிசப்ஷன் ஆரம்பித்து பதினொன்றுக்கு முடியும். பெண்ணுக்கு மேக்கப் விடியற்காலை மூன்றரைக்கு. ஆறு மணி முகூர்த்தம் முடிந்ததும் அடுத்த மண்டபத்துக்கு வண்டி. இப்படி ஒரு வாரம் ஓடியவர் தன் படங்களைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அசந்துபோன கண்ணுக்கு நல்ல படமும் சப்பென்றுதான் தெரியும். ஆடி முதல் வாரம் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். படங்களை இரண்டு இடத்தில் பேக்கப் எடுத்துவிட்டு விலகியிருங்கள்.

தூங்கி எழுந்த பிறகும் சந்தேகம் அப்படியே இருந்தால், அது களைப்பில்லை. அதற்குத்தான் மீதி எல்லாம்.

எண்களைப் பாருங்கள்

போன சீசனில் எடுத்த ஒரு கல்யாணத்தை முழுசாக லைட்ரூமில் (படங்களை அடுக்கித் திருத்தும் மென்பொருள்) திறங்கள். ஆல்பத்துக்குத் தேர்ந்தவை மட்டும் போதாது, ஒதுக்கியவையும் வேண்டும். லைப்ரரியில் மேலே ஃபில்டர் பட்டை இருக்கும். அதில் மெட்டாடேட்டாவைத் தட்டினால் எந்த லென்ஸ், எந்த ஃபோக்கல் லெங்த், எந்த அப்பர்ச்சர் (லென்ஸ் துளை எவ்வளவு திறந்திருந்தது) என்று படங்கள் பிரிந்து நிற்கும். நம் பழக்கம் என்னவென்று அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

பலருக்கும் வருவது இதுதான்: பெரும்பாலான படங்கள் 85 எம்எம் லென்ஸில், எஃப் 1.8 அல்லது 2-இல், அதாவது துளையை அகலமாகத் திறந்து. அந்த லென்ஸ் பெண்ணின் முகத்தை அழகாகக் காட்டும், சந்தேகமே இல்லை. ஆனால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரையும் அது கரைத்துவிடும். நம் ஊர்க் கல்யாணத்தில் பின்னால் இருப்பவர்கள் சும்மா நிற்கிறவர்களா? மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் அடுத்த முடிச்சுகளைப் போட நாத்தனார் பெண்ணின் பின்னால் குனிந்து தயாராக இருக்கிறாள். கீழே தவில்காரர் வாத்தியத்தைப் பார்ப்பதே இல்லை, ஐயரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கை மேலே போனதும் கெட்டிமேளம் கொட்ட வேண்டும். கூட்டத்தில் ஒரு தாத்தா அட்சதையை வியர்வை பிசுபிசுக்கும் உள்ளங்கையில் மூடி வைத்துக் காத்திருக்கிறார். இவர்கள் எல்லோரும் மங்கலாகப் போய்விட்டால் மிஞ்சுவது அலங்காரம் செய்த இரண்டு முகங்கள். மேக்கப்பும் மணவரை டிசைனும் இந்த வருடம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். அப்புறம் படங்கள் ஒரே மாதிரி இல்லாமல் எப்படி இருக்கும்?

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. என் கண் செத்துப்போகவில்லை. ஒரே லென்ஸில், ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு லென்ஸ், காசு வாங்காத ஒரு கல்யாணம்

ஆடியில் இந்துக் கல்யாணங்கள் இருக்காது. ஆனால் வளைகாப்பு, காதுகுத்து, தெரிந்தவர் வீட்டு நிக்காஹ், சர்ச் கல்யாணம் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். கூலி பேசாமல் போங்கள். பணம் வாங்காத இடத்தில்தான் தைரியமாகச் சோதித்துப் பார்க்க முடியும். ஒரு கேமரா பாடி, அகலமாகக் காட்டும் ஒரு 35 எம்எம் லென்ஸ் போதும். அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப் 5.6-இல் வைத்துவிடுங்கள். முன்னால் இருப்பவரும் தெரிவார், பின்னால் இருப்பவரும் ஓரளவு தெரிவார். அதனால் நீங்கள் ஃபிரேமை அடுக்கியே ஆக வேண்டும், மங்கலாக்கித் தப்பிக்க முடியாது.

உள்ளே வெளிச்சம் குறைவு என்றால் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறன்) 3200, 6400 என்று ஏற்றத் தயங்காதீர்கள். இப்போதைய கேமராக்கள் தாங்கும். ஷட்டர் வேகத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/100 அல்லது 1/50 வினாடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த வேகத்தில் அட்சதை உறைந்து நிற்காது, கோடுகளாக விழும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஒரே லென்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். பிரெஞ்சு போட்டோகிராஃபர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் வாழ்நாளில் பெரும்பகுதியை 50 எம்எம் லென்ஸிலேயே எடுத்தவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் ஆசிரமத்தில் இருந்தவரும் அவர்தான். லென்ஸ் மாற்றி நெருங்க முடியாதவர் நடந்துதான் நெருங்க வேண்டும். நடந்து போனால் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கும். பேசினால் அந்த முகம் மாறும்.

பெண் வீட்டுக்குப் போங்கள்

எனக்கு அதிகம் கொடுத்தது இதுதான். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் கேமரா இல்லாமல் பெண் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். முடிந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கும். பேக்கேஜ், ட்ரோன், ரீல்ஸ் பேச்செல்லாம் போனில் முடிந்திருக்கும். நேரில் கேட்க வேண்டியவை வேறு. உன்னை அதிகம் தூக்கி வளர்த்தது யார்? சுவரில் மாலை போட்ட படத்தில் இருப்பது யார்? மேடைக்கு வர முடியாதவர்கள், வர மாட்டேன் என்பவர்கள் யாராவது உண்டா?

கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். இன்றைக்கும் பல வீடுகளில் கணவரை இழந்த பெண்கள் முகூர்த்த நேரத்தில் மணவரைப் பக்கம் வருவதில்லை. தூணோரம், சமையற்கட்டு வாசல், ஸ்டோர் ரூம் என்று ஒதுங்கிவிடுவார்கள். மேடையை மட்டும் எடுத்தால் ஆல்பத்தில் அவர்கள் இருக்கவே மாட்டார்கள். எனக்கு இதில் கோபமும் உண்டு, வருத்தமும் உண்டு.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மாவே அப்படி ஒதுங்கி நிற்கப் போகிறார் என்று வீட்டுக்குப் போனபோதே தெரிந்தது. தாரை வார்த்துக் கொடுத்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். அதனால் முகூர்த்தத்துக்கு மேடையை என் உதவியாளரிடம் விட்டுவிட்டு, நான் ஸ்டோர் ரூம் வாசலுக்குப் போய்விட்டேன். சீர்வரிசையும் பழக்கூடைகளும் அடுக்கிய அறை அது. கெட்டிமேளம் கேட்டதும் அந்த அம்மா ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தார். இன்னொரு கையில் சாவிக்கொத்து. அதை இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் வெளுத்திருந்தன. அவருக்கு முன்னால் வரிசையாகத் தலைகள், அதற்கும் அப்பால் மஞ்சள் வெளிச்சத்தில் சின்னதாக மணவரை. 35 லென்ஸில் எல்லாமே ஃபிரேமுக்குள் வந்தது. அந்தப் பெண் ஆல்பத்தில் அந்த ஒரு படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போடச் சொன்னாள். அந்தப் படத்துக்குப் பிறகு அடுத்த முகூர்த்தம் எப்போது வரும் என்று நான் தேதி பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு எச்சரிக்கை. நல்லது செய்கிறோம் என்று நீங்களாக அவர்களைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுக்காதீர்கள். கூட்டத்தின் முன்னால் அவர்கள்தான் சங்கடப்படுவார்கள். பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் முன்னாலேயே தனியாகச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் தாங்களே இறங்கிப் போய் அம்மாவைக் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

பழைய ஆல்பங்கள்

உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்குப் போய் நீங்கள் செய்த ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தப் பக்கத்தின் ஓரத்தில் விரல் அழுக்கு ஏறியிருக்கிறது என்று கவனியுங்கள். நாம் பெருமையாக நினைத்த சூரிய அஸ்தமனப் படம் புதிதாகவே இருக்கும். எல்லோரும் திரும்பத் திரும்பத் திறந்தது சித்தப்பாக்கள் பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பக்கமாக இருக்கும்.

உங்கள் தாத்தா பாட்டி காலத்துப் படங்களையும் எடுங்கள். கல்யாணம் முடிந்து ஸ்டுடியோவுக்குப் போய், வரைந்த திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு எடுத்த படங்கள். வீட்டில் இல்லையென்றால், தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சேகரித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்கு உதவியிருக்கிறது. இணையத்திலும் பார்க்கக் கிடைக்கும். அந்த போஸைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. கைகளைப் பாருங்கள். சிரிக்காமல் விறைப்பாக நிற்கும் தம்பதியின் விரல்கள் மட்டும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அடுத்த ரிசப்ஷனில் நீங்கள் முகத்தை விட்டுக் கையைத் தேட ஆரம்பிப்பீர்கள்.

இன்ஸ்டாகிராமைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. ஆடி முழுக்க மூடி வையுங்கள். அங்கே நீங்கள் பார்ப்பது பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய ஒவ்வொரு படம். சில இடங்களில் மாடல்களை வைத்தே எடுத்தது. அதையும் ஹோமப் புகைக்குள் நீங்கள் எடுத்த விடியற்காலைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமே இல்லை.

பிரிண்ட் போடுங்கள்

சுமார் ஐம்பது படங்களைப் பக்கத்து லேபில் மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு, வீட்டில் தரையில் பரப்புங்கள். போட்டோ தெரியாத ஒருவரைக் கூப்பிட்டுப் பிடித்ததை எடுக்கச் சொல்லுங்கள். நான் என் மாமியாரைக் கூப்பிடுவேன். அவர் எதைக் கையில் எடுக்கிறார், எவ்வளவு நேரம் வைத்துப் பார்க்கிறார், "இது யாரு?" என்று எதைக் கேட்கிறார் என்பதைக் குறித்துக்கொள்வேன். நடுவில் பேசி விளக்கம் சொல்லிவிடாதீர்கள். அவர் கேட்ட படங்களை மட்டும் தனியாக எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். உங்கள் கண் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்தக் கவர் காட்டும்.

ஆவணி முதல் முகூர்த்தம்

பழைய வேலையை விட்டுவிடாதீர்கள். மாலை மாற்றுவது, தாலி, மெட்டி, அம்மி மிதிப்பது, இரண்டு வீட்டுக் குடும்பப் படங்கள், மொய் கொடுக்க மேடை ஏறும் வரிசை, எல்லாம் வழக்கம்போல் வர வேண்டும். அதற்குத்தான் காசு வாங்குகிறோம். 85 லென்ஸும் பையில் இருக்கட்டும். அத்துடன் உங்களுக்கென்று இரண்டு நேரத்தை மட்டும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்: மேக்கப் முடிந்து பெண் மேடைக்குக் கிளம்பும் வரை ஒன்று, முதல் பந்தி ஒன்று. அந்த நேரத்தில் 35 மட்டும். மேடையில் உதவியாளர் நிற்கட்டும். எதை விடக் கூடாது என்று முந்தின நாளே அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீடியோக்காரரிடமும் பேசிக்கொள்ளுங்கள். அவர் லைட்டைக் கொஞ்சம் தணித்தால்தான் பெண்ணின் அறையில் ஜன்னல் வெளிச்சம் தெரியும். எனக்கு இது சுலபம், வீட்டிலேயே சொல்லிவிடலாம்.

திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் என்றால் கணக்கே வேறு. நல்ல முகூர்த்த நாளில் அடுத்தடுத்து ஜோடிகள் காத்திருப்பார்கள், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எங்கே கேமராவுக்கு அனுமதி என்று முன்னாலேயே விசாரித்துவிட்டு, சன்னதித் தெருவில் காத்திருக்கும் நேரத்தை உங்கள் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். பூக்கடை வாசலில் மாப்பிள்ளையின் வேட்டியை அவன் அண்ணன் சரிசெய்வது எல்லாம் அங்கேதான் நடக்கும்.

ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் ஒத்துக்கொண்டால் இதில் எதுவும் நடக்காது. வருமானம் குறையும், தெரிந்துதான் சொல்கிறேன். எங்களுக்கும் குறைந்தது. முதலில் மாதத்துக்கு ஒரு கல்யாணத்தையாவது இப்படிச் செய்து பாருங்கள். அந்த ஒன்றுக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே, பெண் வீட்டுக்கு வரும் நாளையும் டைரியில் குறித்துவிடுங்கள்.