பழைய ஃபியட் ஸ்டியரிங்ல விரிசல் விட்டிருக்கா? அரால்டைட், எம்-சீல் வச்சு வீட்லயே சரி பண்ற முறை

எங்க தாத்தாவோட வண்டி 1973 மாடல். பம்பாய் குர்லால பிரீமியர் கம்பெனி 1964ல ஃபியட் 1100 டிலைட்னு போட ஆரம்பிச்சு, 1972ல பிரசிடென்ட்னு பேர் மாத்தி, 1974ல பத்மினின்னு மாத்தினாங்க இல்லையா, நம்ம வண்டி அந்த நடுவுல வந்த பிரசிடென்ட். வீட்ல எல்லாருக்கும் அது ஃபியட்தான். இன்ஜின் இன்னிக்கும் ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஸ்டியரிங்கை பிடிச்சு ஓட்ட முடியல. பத்து மணி முள் நிக்கிற இடத்துல ஒரு விரிசல், வளைவுல திருப்பும்போது அது லேசா விரிஞ்சு மறுபடி மூடும், மூடும்போது உள்ளங்கை சதையை கிள்ளிடும். அப்பா அந்த இடத்துல கைக்குட்டை சுத்திக்கிட்டுதான் ஓட்டுவார். ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், சின்னது பெருசுன்னு பதினேழு விரிசல்.

சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல வேற ஸ்டியரிங் தேடலாம், தேடினேன், ஆனா அங்க கிடைக்கிறதும் இதே வயசு பிளாஸ்டிக், அதுலயும் இதே வெடிப்பு. புது மாடல் ஸ்டியரிங் மாட்டினா வண்டியோட முகமே மாறிடும். அதனால இருக்கறதையே சரி பண்றதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன், வேலை கஷ்டம் இல்ல, ஆனா வாரக்கணக்குல பொறுமை வேணும்.

ஏன் வெடிக்குதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். இந்த ஸ்டியரிங்குக்கு உள்ள ஒரு இரும்பு வளையம் இருக்கு, அதுக்கு மேல பிளாஸ்டிக்கை வார்த்திருக்காங்க. அந்த பிளாஸ்டிக்ல வளைஞ்சு கொடுக்கிற தன்மைக்காக கலந்த சரக்கு வருஷக்கணக்குல வெயில்ல ஆவியாகி போயிடுது, பிளாஸ்டிக் சுருங்குது, உள்ள இருக்கற இரும்பு சுருங்க மாட்டேங்குது, அப்போ பிளாஸ்டிக்குக்கு வேற வழியே இல்ல, ஏரி வத்தினா வண்டல் வெடிக்கிற மாதிரி வெடிச்சுதான் ஆகணும். கம்பி வந்து வளையத்துல சேர்ற இடத்துலயும், கண்ணாடி வழியா வெயில் விழற மேல் பாதிலயும்தான் அதிகமா வெடிச்சிருக்கும், உங்க வண்டிலயும் பாருங்க.

இதே முறை அம்பாசிடருக்கும், நம்ம மெட்ராஸ்லயே செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும், பழைய ஜீப்புக்கும் பொருந்தும். ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்ல கையே வைக்கக்கூடாது. இன்னொன்னு, உள்ள இருக்கற இரும்பு உடைஞ்சிருந்தாலோ, நடுவுல ஷாஃப்ட்ல உட்கார்ற பல்லு தேய்ஞ்சிருந்தாலோ இந்த வேலையை செய்யாதீங்க. எபாக்ஸி (ரெண்டு சரக்கை கலந்தா கல்லா இறுகற பசை, அரால்டைட், எம்-சீல் ரெண்டும் அந்த வகைதான்) மேல் தோலுக்குத்தான், இரும்போட வேலையை அது செய்யாது. ஓடும்போது ஸ்டியரிங் கையோட வந்துடுச்சுன்னா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

என்னென்ன வேணும்

அரால்டைட் ஸ்டாண்டர்ட் (அஞ்சு நிமிஷத்துல காயற வகை வேண்டாம்), எம்-சீல், ஆக்ஸா பிளேடு, முக்கோண அரம், ரவுண்ட் அரம், 80, 120, 220, 400, 600 நம்பர் வாட்டர் பேப்பர், கம்பி பிரஷ், மாஸ்கிங் டேப், மெடிக்கல்ல கிடைக்கிற ஐசோப்ரோபைல் ஆல்கஹால், கையுறை, மாஸ்க். கையுறையை விட்டுடாதீங்க, எபாக்ஸியை இறுக வைக்கிற ஹார்டனர் சில பேருக்கு தோல்ல அலர்ஜி கொண்டு வரும், ஒரு தடவை வந்துட்டா அப்புறம் ஒவ்வொரு தடவை தொடும்போதும் வரும். அரம் போடும்போது மாஸ்க் போட்டுக்கோங்க, பழைய பிளாஸ்டிக் தூள் நுரையீரலுக்கு ஆகாது. சில ரொம்ப பழைய பிளாஸ்டிக் சட்டுனு தீப்பிடிக்கும், அந்த தூள் பக்கத்துல பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம்.

கழட்டுறது

பேட்டரி நெகட்டிவ்வை முதல்ல கழட்டிடுங்க, இல்லன்னா ஹாரன் வயர் எங்கயாவது பட்டு தெருவே எழுந்திடும். முன் சக்கரத்தை நேரா வச்சுக்கோங்க. ஹாரன் பட்டன் ஒவ்வொரு வண்டிலயும் ஒவ்வொரு மாதிரி, சிலது அமுக்கி திருப்பினா வரும், சிலதுக்கு பின்னாடி ஸ்க்ரூ இருக்கும், வரலன்னா நெம்பாதீங்க, எங்க பிடிச்சிருக்குன்னு தேடுங்க. கழட்டக் கழட்ட போட்டோ எடுத்துக்கோங்க, ஸ்ப்ரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு ரெண்டு வாரம் கழிச்சு ஞாபகம் இருக்காது.

நடு நட்டை லூஸ் பண்ணும்போது இன்னொருத்தர் ஸ்டியரிங்கை பிடிச்சுக்கணும், ஸ்டியரிங் லாக்கை நம்பி திருப்பினா லாக் உடையும். நட்டை முழுசா எடுக்காதீங்க, ரெண்டு மூணு மரை மாட்டியே இருக்கட்டும், ஏன்னா ஸ்டியரிங் விடும்போது படார்னு விட்டு நேரா மூக்குல வந்து அடிக்கும். ஷாஃப்ட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் சேர்த்து மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. புல்லர்னு இழுத்து கழட்டற கருவி இருக்கு, அதைப் போட்டுத்தான் எடுக்கணும், புல்லர் நடு இரும்பை பிடிச்சு இழுக்கணும், வளையத்தை இல்ல. சுத்தியல் எடுத்து ஷாஃப்ட் தலையில அடிக்கறது பல ஷெட்ல பார்க்கலாம், மரையும் போகும், உள்ள பேரிங்கும் போகும். வரலன்னா துருவை இளக்கற எண்ணெய் விட்டு ராத்திரி ஊற விடுங்க.

கழுவறது

அம்பது வருஷ வியர்வையும் எண்ணெயும் அதுல இருக்கு. பாத்திரம் கழுவற லிக்விட், பழைய டூத் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு தடவை. டேஷ்போர்டு பாலிஷ் எப்பவாவது போட்டிருந்தீங்கன்னா மூணாவது தடவையும் தேய்ங்க, அதுல இருக்கற சிலிகான் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பெயின்ட் அந்த இடத்துல மட்டும் விலகி குழி குழியா நிக்கும். தின்னரோ அசிட்டோனோ போடாதீங்க, சில பழைய பிளாஸ்டிக் அதுல கரைஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும்.

விரிசலை பெருசாக்கறது

முழு வேலையும் இங்கதான் இருக்கு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். முதல் தடவை நான் செஞ்சப்போ விரிசலை அப்படியே விட்டு மேலால அரால்டைட்டை தடவி, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சேன். பார்க்க கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அடுத்த கத்திரி வெயில் வந்துச்சு, பதினேழுல பன்னிரண்டு கோடு அதே இடத்துல பெயின்ட்டை பிளந்துட்டு வெளிய வந்துடுச்சு. காரணம் என்னன்னா அந்த முடி மாதிரி சந்துக்குள்ள பசை இறங்கவே இல்ல, உள்ள அழுக்கும் துருவும் அப்படியே இருந்துச்சு, மேல ஒரு மெல்லிய ஏடு மட்டும்தான் பிடிச்சிருந்துச்சு. வெயில்ல பிளாஸ்டிக் அசைஞ்சதும் ஏடு கிழிஞ்சிடுச்சு.

அதனால விரிசலை மூடணும்னா முதல்ல அதை பெருசாக்கணும். மனசு வராது, தெரியும், இருந்தாலும் செய்ங்க. ஆக்ஸா பிளேடால விரிசல் போற வழியிலேயே அறுங்க, அப்புறம் முக்கோண அரத்தால வி வடிவத்துல பள்ளம் எடுங்க, மேல் வாய் மூணு நாலு மில்லிமீட்டர் அகலம் வரட்டும். விரிசல் இரும்பு வரைக்கும் போயிருந்தா நீங்களும் இரும்பு வரைக்கும் போகணும், பாதியில நிறுத்தினா மிச்ச பாதி உங்களை சும்மா விடாது. நீளவாக்குல ஓடற விரிசல்னா அது முடியற நுனியில ரெண்டு மில்லிமீட்டர் டிரில்லால ஒரு சின்ன துளை போடுங்க, விரிசல் அதுக்கு மேல ஓடாது. முடிஞ்சா பள்ளத்தோட அடிப்பக்கத்தை மேல் வாயை விட கொஞ்சம் அகலமா குடைஞ்சு விடுங்க, தச்சு வேலையில பூட்டு வெட்டு போடற மாதிரி, உள்ள போன எபாக்ஸி காய்ஞ்சதும் வெளிய வர வழி இருக்காது.

இரும்பு தெரிஞ்ச இடத்துல செம்மண் நிறத்துல துரு இருக்கும். கம்பி பிரஷ், 80 நம்பர் பேப்பர் வச்சு வெள்ளையா மின்னற வரைக்கும் தேய்ங்க. எட்டாத மூலைக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் (துரு மேல பரவாம மாத்தி விடற திரவம்) தொட்டு வச்சு ஒரு நாள் காய விடுங்க. பள்ளத்தோட சுவரையும், ரெண்டு பக்கமும் ஒரு விரக்கடை தூரத்துக்கு மேல் பரப்பையும் சொரசொரப்பாக்கி, கடைசியா ஆல்கஹால் நனைச்ச துணியால துடைங்க. துணியில அழுக்கு வராத வரைக்கும் துடைக்கணும். அதுக்கப்புறம் வெறும் கையால தொடாதீங்க. எனக்கு பதினேழு விரிசலுக்கு இந்த ஒரு வேலைக்கே மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

நிரப்பறது

நான் ரெண்டு அடுக்கா செய்றேன். முதல்ல அரால்டைட், ரெண்டு ட்யூப்லயும் சம அளவு பிதுக்கி, ஒரு பழைய டைல்ஸ் மேல பரப்பி நல்லா கலக்குங்க, ரெண்டு நிமிஷமாவது. கப்ல மொத்தமா கலக்காதீங்க, குவிஞ்சு இருந்தா அதுவே சூடாகி சீக்கிரம் கெட்டியாயிடும். மே மாசம்னா கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க, மார்கழின்னா ட்யூபை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வச்சு எடுங்க, இளகி வரும். ஒரு பல்குச்சியால பள்ளத்தோட சுவர், இரும்பு எல்லாத்துலயும் மெல்லிசா தேய்ச்சு விடுங்க. நிரப்ப வேண்டாம், ஈரம் பட்டா போதும்.

அது பிசுபிசுப்பா இருக்கும்போதே எம்-சீல். ரெண்டு உருண்டையும் சமமா எடுத்து, பரோட்டா மாவு பிசையற மாதிரி பிசையணும், ஒரு கோடு கூட தெரியாம ஒரே நிறமா வரணும், கோடு இருந்தா அந்த இடம் காயாது. சின்னத் திரியா உருட்டி பள்ளத்தோட அடியில இருந்து அழுத்தி அழுத்தி ஏத்துங்க. மேல அப்பி விட்டா அடியில காத்து அடைபடும், அப்புறம் தேய்க்கும்போது ஓட்டை தெரியும். மேல் மட்டத்தை விட ஒரு மில்லிமீட்டர் தூக்கலா விடுங்க. விரலை தண்ணியில நனைச்சு வழவழன்னு தடவினா பின்னாடி தேய்க்கற வேலை பாதி குறையும். பின்பக்கம் விரல் பிடிக்க மேடு பள்ளம் இருந்தா அதை இப்பவே ஒரு பேனா மூடியால அழுத்தி உருவம் கொடுத்துடுங்க.

பெட்டியில ஒரு மணி நேரம்னு போட்டிருந்தாலும் நான் ஒரு முழு நாள் விடுவேன், அரால்டைட் அடியில இருக்கே.

டிங்கரிங் ஷெட்ல கொடுத்தா பாடிக்கு போடற பட்டியை வச்சு நிரப்பி கொடுப்பாங்க. அது தகரத்துக்கு நல்ல பொருள், இங்க வேண்டாம், அசையற பிளாஸ்டிக்ல அதுக்கு எபாக்ஸி மாதிரி பிடிப்பு கிடையாது, சீக்கிரம் நொறுங்கும்.

தேய்க்கறது, அப்புறம் வெயில்ல போடறது

பேப்பரை எடுக்கறதுக்கு முன்னாடி தண்ணி, ஸ்காட்ச் பிரைட் வச்சு ஒரு தடவை கழுவுங்க. காய்ஞ்ச எபாக்ஸி மேல சில சமயம் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், அது பேப்பரை அடைச்சிடும், பெயின்ட்டையும் பிடிக்க விடாது. முதல்ல அரத்தால மேட்டை குறைங்க, அப்புறம் 80, 120, 220. வளையத்தை தேய்க்கும்போது பேப்பரை கீத்தா கிழிச்சு, ஷூவுக்கு பாலிஷ் போடற மாதிரி ரெண்டு கையால முன்னும் பின்னும் இழுங்க, உருண்டை வடிவம் கெடாது. கட்டை விரலால அமுக்கி ஒரே இடத்துல தேய்ச்சா தட்டையாயிடும். கண்ணை மூடிக்கிட்டு கையை ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க, கண்ணுக்கு தெரியாத மேடு விரலுக்கு தெரியும்.

இப்போ அவசரப்பட்டு ப்ரைமர் அடிச்சிடாதீங்க. ஸ்டியரிங்கை மொட்டை மாடியில ஒரு வாரம், பகல்ல வெயில், ராத்திரி உள்ள. பழைய பிளாஸ்டிக் எங்க பலவீனமா இருக்கோ அங்க இப்பவே புது முடிக்கோடு வெளிய வரும். எனக்கு ரெண்டு வந்துச்சு. திரும்ப அறுத்து, திரும்ப நிரப்பினேன். பெயின்ட் அடிச்ச அப்புறம் வர்றதுக்கு இப்ப வர்றது எவ்வளவோ மேல்.

பெயின்ட்

எபாக்ஸி ப்ரைமர் ரெண்டு மெல்லிய கோட். காய்ஞ்சதும் கருப்பு ஸ்ப்ரேயை தள்ளி நின்னு தூசி மாதிரி தூவி விட்டு 400ல தண்ணி போட்டு தேய்ங்க, எங்க கருப்பு போகாம நிக்குதோ அங்க பள்ளம்னு அர்த்தம். ஊசி முனை ஓட்டைக்கு மட்டும் என்சி பட்டி (பெயின்ட் கடையில கிடைக்கிற மெல்லிசா பூசற பட்டி) தொட்டு வைக்கலாம், கனமா போட்டா அது சுருங்கி வெடிக்கும். மறுபடி ப்ரைமர், 600.

நிறம் பார்க்கறதுக்கு ஒரு வழி சொல்றேன். ஹாரன் பட்டனுக்கு அடியில வெயிலே படாத ஒரு வட்டம் இருக்கும், கம்பெனியில இருந்து வந்த அசல் நிறம் அங்கதான் அப்படியே இருக்கு. எங்க வண்டி ஸ்டியரிங் மஞ்சள்னு இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன், அந்த வட்டத்துல பார்த்தா பால்கோவா நிறம். அதைக் காட்டி கலக்க சொல்லுங்க.

கடைசி பெயின்ட் 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயின்ட்) தான் போடணும், சாதா ஸ்ப்ரே டின் கை வியர்வைக்கு தாங்காது. ஆனா 2கே ஹார்டனர்ல ஐசோசயனேட்னு நுரையீரலை பாதிக்கிற ரசாயனம் இருக்கு, சாதாரண மாஸ்க் அதுக்கு பத்தாது, அதனால அந்த ஒரு வேலையை மட்டும் முறையான மாஸ்க்கும் பூத்தும் வச்சிருக்கற பெயின்ட் ஷாப்ல கொடுத்துடுங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழையில கொடுக்காதீங்க, ஈரக் காத்துல பளபளப்பு மங்கிடும்.

திரும்ப மாட்டறது

மார்க்கர் கோடு பார்த்து உட்கார வைங்க, நட்டை வண்டியோட மேனுவல்ல சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்ல (முறுக்கற அளவை காட்டற ஸ்பேனர்) முறுக்குங்க. பேட்டரி கொடுத்து ஹாரன் அடிச்சுப் பாருங்க, நின்ன இடத்துல ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, அப்புறம் காலி தெருவுல மெதுவா ஒரு ரவுண்டு. ஒரு வாரம் ஓட்டின பிறகு நட்டை இன்னொரு தடவை செக் பண்ணுங்க. பெயின்ட் முழுசா இறுகற வரைக்கும், ஒரு மாசம்னு வச்சுக்கோங்க, மோதிரம் போட்ட கையால பிடிக்க வேண்டாம், கீறல் விழும்.

வெயில்ல நிறுத்தும்போது ஸ்டியரிங் மேல ஒரு துண்டு போட்டு வைங்க. அப்பா இப்போ கைக்குட்டை சுத்தறதில்ல, ஆனா வண்டியை நிறுத்தி இறங்கினதும் தோள்ல இருக்கற துண்டை எடுத்து அது மேல போட்டுட்டுதான் கதவை சாத்துறார்.