கடைசி எட்டு வினாடியில் ஏலம் கேட்பது எப்படி

பினாங்கின் பழைய படத் தபாலட்டைகளைச் சேர்க்கிறேன். தண்ணீர்மலை, கொடிமலை ரயில், படகுத்துறை என்று எல்லாம் நம் ஊரில் எடுத்த படங்கள்தான். அந்தக் காலத்தில் இங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊருக்கு எழுதிப் போட்டவை என்பதால் அவை இன்று அதிகமாக விலைக்கு வருவது இங்கிலாந்தில். இபே (eBay) என்ற இணைய ஏலத் தளத்தில் அங்கே ஞாயிறு இரவு 8 மணிக்கு முடிகிற ஏலம், நமக்குத் திங்கள் விடியற்காலை 3 மணிக்கு முடியும். அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை 4 மணி. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறவன். 3 மணிக்குத் தேநீர் இடைவேளை. கேன்டீன் மேசையில் ஒரு கையில் தே தாரேக், மறு கையில் கைப்பேசி என்று இதைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் இபே எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். நீங்கள் உள்ளிடும் தொகை உங்கள் உச்ச விலை. அது யாருக்கும் தெரியாது. அடுத்தவர் கேட்க கேட்க, உங்கள் சார்பில் இபே ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போகும். 15 பவுண்டிலிருந்து 60 பவுண்டுவரை ஒரு படி என்பது 1 பவுண்டு. உங்கள் உச்சம் 41 பவுண்டு, இன்னொருவருடையது 33 என்றால், நீங்கள் கட்டுவது 34தான். இரண்டாமவர் விலையை ஒட்டி வென்றவர் கட்டும் இந்த முறையை வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்து எழுதினார். 1996இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. ஆனால் அமெரிக்காவில் தபால்தலை விற்றவர்கள் 1893லேயே கடிதம் மூலம் இப்படி ஏலம் நடத்தியிருக்கிறார்கள். நம்மைப் போன்ற சேகரிப்பாளர்கள் புழங்கிய முறை அது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

இப்போது தொகை. ஏலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதே, மனம் அமைதியாக இருக்கிற நேரத்தில் அதை முடிவு செய்யுங்கள். அட்டையின் விலையோடு தபால் செலவு, வங்கி பிடிக்கும் நாணய மாற்றுக் கட்டணம் இரண்டையும் சேருங்கள். மலேசியாவில் 2024 ஜனவரியிலிருந்து இணையத்தில் வாங்கி இறக்குமதியாகும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு வரி வந்திருக்கிறது, அதையும் விடாதீர்கள். எல்லாம் சேர்ந்து எத்தனை வெள்ளி ஆகிறது என்று பார்த்து, 'இதற்கு மேல் ஒரு சென் போனாலும் எனக்கு வேண்டாம்' என்று சொல்லக்கூடிய தொகையைத் தாளில் எழுதி வையுங்கள். முழு எண்ணாக வேண்டாம். பலரும் 40 பவுண்டு என்று நிறுத்துவார்கள், நீங்கள் 41.27 என்று எழுதுங்கள். இரண்டு பேர் ஒரே தொகை கேட்டால் முதலில் கேட்டவருக்குத்தான் போகும். அந்த 27 காசு பல தடவை எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

அதுவரை அட்டையைக் கவனிப்புப் பட்டியலில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முன்கூட்டியே கேட்டால் என்ன ஆகும்? பழைய பொருளில் யாராவது கை வைத்தாலே மற்றவர்களுக்கு அது ஒரு தகவல். 'யாரோ கேட்கிறாரே, அப்போது இது அசலாகத்தான் இருக்கும்' என்று நான்கு பேர் வருவார்கள். அதோடு, 'ஒரு வெள்ளி கூடக் கேட்டால் போதும்' என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பவர்களுக்கு நேரமும் கிடைத்துவிடும்.

ஏலம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்நுழைந்து பாருங்கள். கடவுச்சொல்லைத் திரும்பக் கேட்டால் அப்போதே கொடுத்துவிடலாம். 40 வினாடி இருக்கையில் தொகையை உள்ளிட்டு, உறுதி செய்யச் சொல்லும் பக்கம்வரை போய் நில்லுங்கள். விரலைப் பொத்தானுக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருங்கள். எட்டு வினாடியில் அழுத்துங்கள். மூன்று வினாடிவரை இழுத்தடித்து, கேன்டீன் வைஃபை சுற்றிக்கொண்டே நின்றதில் கொடிமலை ரயில் அட்டை ஒன்று என் கையைவிட்டுப் போனது. இடைவேளை கிடைக்காத நாளில், பகலில் தூங்கப் போகும் முன்பே உச்சத் தொகையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். நமக்குப் பதிலாகக் கேட்கும் தளங்களும் உண்டு. என் கணக்கின் சாவியை இன்னொருவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, இது நியாயமா? கோயிலில் அம்மன் சேலையை ஏலம் விடும்போது, 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று சொல்லி நிறுத்திச் சுற்றிலும் பார்ப்பார்கள். யாராவது வாயெடுத்தால் மறுபடி முதலிலிருந்து. முடிவை அங்கே எடுப்பது கேட்பவர்களின் மௌனம். இபேயில் அதை எடுப்பது கடிகாரம். அமேசான் 1999இல் தொடங்கிய ஏலத் தளத்தில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால், அதற்கு அப்புறம் பத்து நிமிடம் யாரும் கேட்காமல் போனால்தான் ஏலம் முடிந்தது. பொருளியலாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஆக்கன்ஃபெல்சும் இரண்டு தளங்களையும் ஒப்பிட்டு 2002இல் கட்டுரை வெளியிட்டார்கள். கடைசி நேரக் கேட்பு இபேயில் அதிகமாகவும் அமேசானில் குறைவாகவும் இருந்தது. கணினிகளைவிடப் பழம்பொருட்களில் அதிகமாக இருந்தது. ஆக, இது விதி உண்டாக்கிய பழக்கம். இபே இதை அனுமதிக்கவும் செய்கிறது.

ஒரு திங்கள் விடியலில் படகுத்துறை அட்டைக்கு எட்டாவது வினாடியில் 41.27 போட்டேன். தோற்றேன். ஐந்து நாளுக்கு முன்பே ஒருவர் தன் உண்மையான உச்சத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். மனதில் உள்ளதை முழுசாகச் சொன்னவரைக் கடைசி வினாடியால் ஒன்றும் செய்ய முடியாது. 20 சொல்லிவிட்டு 50 வரை போகலாம் என்று இருப்பவர்தான் மாட்டிக்கொள்வார். அதனால் இதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். விற்பவரே வேறு பெயரில் வந்து விலையேற்றுவதுதான் ஏமாற்று. கேட்பு வரலாற்றில் ஒவ்வொருவரும் அந்த விற்பனையாளரிடம் எத்தனை விழுக்காடு கேட்டிருக்கிறார் என்று போட்டிருக்கும். புதிய கணக்கு, 100 விழுக்காடும் ஒரே ஆளிடம் என்றால் அந்த ஏலத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் முகம் தெரிந்தவர்களுக்கு நடுவில் எட்டு வினாடிக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். எங்கள் ஊர்ச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு இருக்கிறது. டோபி காட் என்ற சலவைத் துறையில் துணி காயப்போட்ட படம் ஒன்று ஏலத்துக்கு வந்தது, முடியும் நேரம் இரவு 9 மணி. பெரியவர் ஒருவர் 60 வெள்ளி கேட்டிருந்தார். கடைசி நொடியில் நான் 65 போட்டேன். என் கைப்பேசியில் 8:59, அவர் கைப்பேசியில் 9:00. புலனத்தில் வினாடி தெரியாதே! நடத்தியவர் எனக்கே கொடுத்தார். மறுநாள் பெரியவர் அழைத்தார். 'தம்பி, அந்தத் துறையிலதான் எங்கப்பா வேலை செஞ்சாரு. நீங்க கேக்குறீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் இன்னும் மேல போயிருப்பேனே' என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இபேயில் அவருக்கென்று விலையேற்ற ஒரு இயந்திரம் இருந்திருக்கும், இங்கே அவர் கண்விழித்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் உண்டு. அட்டையை அவர் சொன்ன 60 வெள்ளிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குழுவில் நானே பேசி விதியை மாற்ற வைத்தேன். கடைசி மூன்று நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் மூன்று நிமிடம் நீளும். யாரும் கேட்காவிட்டால் நடத்துகிறவர் 'ஒரு தரம்' என்று தட்டச்சு செய்து ஒரு நிமிடம் பொறுப்பார், அப்புறம் 'ரெண்டு தரம்', அப்புறம் மூன்று. நீங்களும் குழு ஏலம் நடத்தினால் இதை முதல் செய்தியாகப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். யாருடைய கைப்பேசி நேரம் கணக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.