குரு இல்லாமல் தூரிகை எடுத்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஓவியம் எங்கே படிச்சீங்க?" என்று யாராவது கேட்டால், "எங்கேயும் இல்ல, நானாத்தான்" என்று சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். இலங்கை மலையகத்தில், ஹட்டன், டிக்கோயா பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் லயத்து இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்து வரையக் கற்ற எங்களில் பலர் அப்படித்தான் சொல்கிறோம். பெரிய தவறும் அந்தப் பதிலிலேயே தொடங்குகிறது. நானாகக் கற்றேன் என்று நினைக்கிறவருக்கும் யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அது யார் என்று தெரியாதபோது, சுவரில் தொங்கிய கலண்டர்தான் அவருடைய குரு.

நான் முதன்முதலாக ஒழுங்காக வரைந்து முடித்தது கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தியின் படம். முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு, விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். என் அம்மாவே கொழுந்து எடுக்கப் போனவர். மாலையில் கொழுந்து நிறுவை முடிந்து, இடுப்பில் கட்டிய நனைந்த படங்கோடு படியேறி வரும் அவரை நாள் தவறாமல் பார்த்திருக்கிறேன். ஆனால் படத்தில் இருந்தது அவர் இல்லை. அவர் ஒருநாளும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு தேயிலைப் பெட்டியிலிருந்து வந்தது. தேயிலைப் பெட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், வெள்ளைக்காரர் காலத்தில் கொழும்பு ஸ்டூடியோக்கள் அச்சடித்து விற்ற தபால் அட்டைகளில் போய் முட்டும். வெளியிலிருந்து வருகிறவர் வாங்கிக்கொண்டு போவதற்காக எடுத்த படங்கள் அவை. எங்கள் மலைக்காட்சிகளும் இதே கதைதான். நிறைய ஓவியங்கள் மேல் ரோட்டில் நின்று கீழே பார்த்து வரைந்தவை. அது தோட்டத் துரையின் பங்களா வாசலிலிருந்து தெரிகிற மலை. லயத்திலிருந்து பார்த்தால் மலை நமக்கு மேலே நிற்கும்.

இதைத் திருத்த ஒரே வழி, நிற்கிற இடத்தை மாற்றுவது. தேயிலை நிரைக்குள் இறங்கி நின்று பாருங்கள். செடி இடுப்பளவு வரும். பெண்ணின் பாதி உடம்பு பச்சைக்குள் மறைந்திருக்கும். முகம் நம்மைப் பார்க்காது, செடியைத்தான் பார்க்கும். செடிக்கு மேல், கொழுந்து எடுக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பு கிடக்கும். கூடைக்குப் பதில் பையைக் கட்டியிருப்பவர்களும் இன்று நிறையப் பேர். இதையெல்லாம் பார்த்துவிட்டு வரைந்தால் படம் முன்னைப்போல 'அழகாக' இருக்காது. இருக்கட்டும்.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது. பிறருடைய சாயல் வந்துவிடுமோ என்று பயந்து எதையும் பார்க்காமலே இருப்பது. "மற்றவங்க படத்தைப் பார்த்தா என் ஸ்டைல் போயிடும்" என்று தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கு ஓவியர் ஜோர்ஜ் கீற்றைப் பற்றிச் சொன்னேன். 1901இல் கண்டியில் பிறந்தவர், ஓவியக் கல்லூரிக்குப் போகாதவர், இருபது வயது தாண்டித்தான் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். உருவங்களைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் பிக்காசோவின் கியூபிசத்தையும் இந்தியச் சிற்பங்களின் வளைவுகளையும் இந்தத் தீவின் சுவரோவியங்களையும் அவர் கண் நிறைய வாங்கிக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை. பொரளை கோதமி விகாரையில் அவர் தீட்டிய சுவர்களைப் பார்த்தால் எல்லாச் சாயலும் தெரியும். ஆனால் கோடு கீற்றுடையது. வான் கோவும் பெரும்பாலும் தானாகக் கற்றவர்தான். பயிற்சிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து வரைந்தவர். வாழ்க்கையின் கடைசிக் காலத்தில்கூட, மில்லே என்ற முன்னோடியின் உழவர் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சில் வைத்துக்கொண்டு தன் நிறங்களில் மறுபடி தீட்டினார்.

எங்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. பொகவந்தலாவையில் சிறிய தேவாலயம் ஒன்றின் முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1879இல் டிக்கோயாவில் இறந்தவர். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமராவை வைத்துப் புகைப்படக்கலையைத் தானாகவே கற்றார். அவருடைய படங்களில் பழைய இத்தாலிய ஓவியர்களின் சாயல் வெளிப்படையாகத் தெரியும். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். தானாகக் கற்கிறவர்கள் ஒருமுறை அந்தக் கல்லறைக்குப் போய் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

சரி, பார்த்து வரைவது எப்படி? முழுப்படத்தையும் அப்படியே பிரதி எடுப்பதில் கை மட்டும்தான் பழகும். ஒரு படத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள். கண்டிக்குப் பக்கத்தில் உள்ள தெகல்தொருவை குகை விகாரையின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களுக்கு முன்னால் நின்று நான் கேட்டது இதுதான்: நிழலும் தூரமும் காட்டாமல் இவர்கள் எப்படிக் கதை சொல்கிறார்கள்? சிவப்புப் பின்னணியில் நீளமான பட்டைகள், ஒரே பட்டைக்குள் அதே ஆள் மறுபடி மறுபடி வருகிறார், நேரம் இடத்திலிருந்து வலமாகவோ வலத்திலிருந்து இடமாகவோ நகர்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நீளத் தாளில் அம்மாவின் ஒருநாளை வரைந்தேன். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அம்மா, மலையில் அம்மா, நிறுவையில் அம்மா, அடுப்படியில் அம்மா. நான்கு பேரும் ஒரே அளவு, ஒரே தரையில். இரண்டு வருடமாக என்னால் சொல்ல முடியாமல் கிடந்த விஷயம் அந்த ஒரு தாளில் வந்துவிட்டது.

நம் கூத்துகளையும் கோவிலையும் "அது கலை இல்ல, திருவிழா" என்று ஒதுக்கிவிடுவதும் தவறுதான். மாசியில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் இரவில் அரிதாரம் பூசிய முகத்தில் விளக்கு வெளிச்சம் விழுவதைப் பாருங்கள். இருட்டில் நிறம் என்ன ஆகிறது என்பதை அதைவிட நன்றாக எந்த யூடியூப் வகுப்பும் சொல்லித் தராது.

இனி நிறம். மலையகத்தை வரைகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் பச்சை. டியூபில் இருக்கும் பச்சையை அப்படியே பிதுக்கிப் பூசினால் மலை முழுக்க பிளாஸ்டிக் விரித்த மாதிரி ஆகிவிடும். தேயிலையில் ஒரே பச்சை இல்லை. கொழுந்து மஞ்சளுக்குப் பக்கம்: லெமன் யெல்லோவில் துளி நீலம் போதும். முற்றிய இலை இருண்டது: அல்ட்ரமரைன் நீலமும் யெல்லோ ஓக்கரும் கலந்து, கொஞ்சம் பேர்ன்ட் சியன்னா சேர்த்துப் பச்சையின் கூச்சலை அடக்க வேண்டும். அதே முற்றிய இலையின் மேற்பரப்பு பளபளப்பானது, மப்பு நாளில் வானத்தை வாங்கிச் சாம்பல் நீலமாகத் தெரியும். சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். அப்போது மலையில் பச்சையே இருக்காது, பழுப்புக் குச்சிகள்தான். கவ்வாத்து மலையை வரைந்தவர்கள் எத்தனை பேர்? அதன் கோடுகளைப்போல வரைகிறவனுக்குத் தீனி கொடுப்பது வேறெதுவும் இல்லை என்பேன்.

மூடுபனியை வெள்ளை பூசிக் கொண்டுவரப் பார்ப்பதும் இதோடு சேர்ந்ததே. மேலே வெள்ளையைத் தடவினால் படம் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகும். பனிக்குள் தூரத்துக் கறுப்புகள்தான் முதலில் வெளிறும், ஓரங்கள் கரையும், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான வித்தியாசம் குறையும். பக்கத்துச் செடி இருண்டே நிற்கும். அதனால் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் தூர மலை, அப்புறம் நடு, கடைசியில் கைக்கெட்டும் செடி.

போனில் எடுத்த படத்தை மட்டும் பார்த்து வரையாதீர்கள். போன் நிழலைத் தானே வெளுப்பாக்கிவிடும், கிட்டத்தில் எடுத்தால் உருவத்தை இழுத்துவிடும். அந்த இடத்தில் பத்து நிமிடம் பென்சிலால் வரைந்துவிட்டு, பிறகு எடுங்கள். வீட்டில் உட்கார்ந்து தீட்டும்போது பென்சில் படத்தை நம்புங்கள். போனைச் சின்ன விவரங்களுக்கு மட்டும் திறந்தால் போதும்.

நம் குளிரும் மழையும் செய்கிற வேலையைக் கவனிக்காதவர்கள் நல்ல படத்தையும் இழக்கிறார்கள். அக்ரிலிக் காய்வது தண்ணீர் போவதால் மட்டும் அல்ல. அதிலுள்ள நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாக வேண்டும். சுமார் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே அது சரியாக நடக்காது, பிறகு வெடிப்பு விடும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் தேயிலையே உறைபனியில் கருகுகிறது. அந்த நாட்களில் காலை பத்துமணிக்குப் பிறகு தீட்டுங்கள், மாலைக்கு முன் நிறுத்திவிடுங்கள். எண்ணெய் வர்ணம் வேறு மாதிரி. அது காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து இறுகுவது, குளிரில் ரொம்ப மெதுவாக. மேல் பூச்சில் எண்ணெய் கூடவும் அடிப்பூச்சில் குறையவும் இருக்க வேண்டும். மாறினால் மேலே முதலில் இறுகி, அடியில் அசையும்போது பிளக்கும். அவசரத்துக்கு விறகடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், புகைக்கரி ஈர வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நீர்வர்ணத்துக்கு 300 கிராம் (சதுர மீற்றருக்கு) தடித்த தாள் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் மெல்லிய தாளை நனைத்துப் பலகையில், நனைத்தால் ஒட்டும் காகித டேப் ஒட்டி இழுத்துக் காயவிட்டுத் தீட்டலாம், நெளியாது. லயத்துக் காம்பராச் (அறைச்) சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும். படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்தால் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு கட்டைத் துண்டுகளை இடையில் வைத்துக் காற்றுப் போக விடுங்கள்.

கடைசியாக ஒன்று. வரைந்ததைப் பேஸ்புக்கில் மட்டும் காட்டுகிறோம். "சூப்பர்" என்று நூறு பேர் எழுதுவார்கள். சந்தோஷம்தான், ஆனால் அதிலிருந்து கற்க ஒன்றும் இல்லை. அந்த நீளத் தாளை முடித்ததும் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். "கூடைக் கயிறு நெத்தியில இல்லப்பா, உச்சியில. நெத்தியில போட்டா கழுத்து இப்படியா நிக்கும்?" என்றார். எழுந்து, ஒரு துவாயைத் தலையில் போட்டு, இல்லாத கூடையைச் சுமந்து நின்று காட்டினார். கழுத்து நேராக இருந்தது, தோள்கள்தான் முன்னால் வந்திருந்தன. நான் பென்சிலை எடுத்து, நான்கு அம்மாக்களில் மலையில் நிற்கிறவரின் கழுத்தை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.