“இதோ வருகிறேன்” என்று சொல்லிவிட்டு: கடவுள் அழைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கடவுள் அழைக்கும்போது “வரமாட்டேன்” என்று சொல்லும் துணிச்சல் நம்மில் பலருக்கு இல்லை. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன விருந்து உவமையிலும், விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் யாரும் அப்படி வெட்டிப் பேசவில்லை. ஒருவர் வயல் வாங்கியிருக்கிறார், போய்ப் பார்க்க வேண்டும். ஒருவர் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறார், பூட்டிப் பார்க்க வேண்டும். இன்னொருவருக்கு இப்போதுதான் கல்யாணம். இவற்றில் எது பாவம்? எதுவுமில்லை. எல்லாமே கடவுள் கொடுத்த நன்மைகள். நம் வேத புத்தகம் இதை “போக்குச் சொல்லத் தொடங்கினார்கள்” என்கிறது. நியாயமான வேலை கையில் இருப்பதால் நம் மறுப்பும் நியாயமாகிவிடும் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அது தவறு என்றே தெரியாமல் வருடங்கள் ஓடிவிடும்.

இதே பகுதியை வேதபாடத்துக்காக ஒருநாள் இரவு தயாரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். “இதோ வரேன்பா” என்றேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். குறிப்பேட்டில் “போக்குச் சொல்லத் தொடங்கினார்கள்” என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு முடித்துவிட்டுப் போனபோது, கண்ணாடியைக் கழற்றாமலே தூங்கிப்போயிருந்தார். மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தேன். அன்று கடவுள் என்னை எங்கே அழைத்தார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இதிலிருந்தே அடுத்த தவறும் புரிகிறது. அழைப்பு என்றால் ஊழியத்துக்குப் போவது, வேலையை விடுவது என்று பெரிதாகவே எதிர்பார்க்கிறோம். ஆசாரியன் ஏலியிடம் வளர்ந்த சிறுவன் சாமுவேலுக்கு, இரவில் கூப்பிட்ட கர்த்தருடைய சத்தம் ஏலியின் குரலாகத்தான் கேட்டது. மூன்று முறை எழுந்து ஏலியிடம் ஓடினான். தூக்கத்தைவிட்டு எழுந்தானே, அதைத்தான் நான் கவனிக்கிறேன். பழகிய குரலுக்கு எழுந்து ஓடப் பழகியவன் நான்காம் முறை கர்த்தருக்கே பதில் சொன்னான்.

வாயால் சம்மதித்து அதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. மத்தேயு 21-இல் ஒரு தகப்பன் தன் இரண்டு மகன்களையும் திராட்சத்தோட்டத்தில் வேலை செய்யச் சொல்கிறார். “போகிறேன் ஐயா” என்ற மகன் போகவே இல்லை. மாட்டேன் என்றவன்தான் மனம் வருந்திப் போனான். ஆராதனையில் கண்ணீரோடு பாடி ஒப்புக்கொடுத்தது, மறுநாள் காலை மன்னிப்புக் கேட்க வேண்டியவருக்குப் போன் செய்வதுவரை வந்ததா? அங்கேதான் பார்க்க வேண்டும்.

திரும்பிப் போக ஒரு வழியை வைத்துக்கொண்டே கிளம்புவதும் நமக்கு வழக்கம். தீர்க்கதரிசி எலியா தன் சால்வையை எலிசாவின்மேல் போட்டு அழைத்தபோது, பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசா ஒரு ஏர் மாட்டை அடித்து, அந்த ஏர்மரங்களையே விறகாக்கிச் சமைத்து ஜனங்களுக்கு விருந்து வைத்தார். லூக்காவின் உவமையில் மாட்டைப் பூட்டிப் பார்க்க ஒருவர் விருந்துக்கு வரவில்லை, இங்கே மாடே விருந்தாகிவிட்டது. அப்பா அம்மாவை முத்தமிட்டு வரவும் எலிசா அனுமதி கேட்டார் என்பதை மறக்கக் கூடாது. முழுமனது என்பது வீட்டாரை உதறுவதல்ல. நமக்கு அந்த ஏர்மரம் எது என்பது அவரவருக்குத் தெரியும். அழிக்காமல் வைத்திருக்கும் ஒரு போன் நம்பராக இருக்கலாம், விட்டுக்கொடுக்காத ஒரு கோபமாகவும் இருக்கலாம்.

கடைசியாக, உண்மையாகவே ஏங்குகிறவர்களை வாட்டும் தவறு ஒன்று. மனதில் சந்தேகமும் சோர்வும் இருக்கிறதே, இது எப்படி முழுமனதாகும் என்று எண்ணி அவர்கள் ஒதுங்கியே நிற்கிறார்கள். மாற்கு 9-இல் அசுத்த ஆவியால் துன்பப்பட்ட தன் பையனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லி அழுதார். முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அங்கேயே, அப்போதே, பையனின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.